தொடை வழி ஷீத் எடுத்தபின் தோலில் ரத்தம் இல்லை, உள்ளே கட்டி வருகிறது: அழுத்துவதில் எங்கே பிழை?

இரவுப்பணி_சிஸ்டர்

கார்டியாக் ஐசியூ, கேத் லேப் (இதயத் தமனிக்குள் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் இடம்) ஆட்களுக்கு ஒரு கேள்வி. ஆஞ்சியோபிளாஸ்டி (இதயத் தமனி அடைப்பை நீக்குவது) முடிந்து 6எஃப் ஃபெமரல் ஷீத்தோடு (தொடைத் தமனியில் செருகிய குழாய்; எஃப் அதன் தடிமன் அளவு) வருபவர்களுக்கு ஏ.சி.டி. (ரத்தம் உறைய ஆகும் நேரம், வினாடியில்) இறங்கியதும் ஷீத்தை எடுத்து 20 நிமிடம் அழுத்துவது எங்கள் வழக்கம். கையை எடுக்கும்போது தோலில் ஒரு சொட்டுகூட இருக்காது. காஸை மடித்து வைத்து, மேலே டைனாபிளாஸ்ட் (இழுபடும் பிளாஸ்டர்) இழுத்து ஒட்டி, மணல் மூட்டை ஏற்றிவிடுவோம். இரண்டு மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் சிலருக்கு எலுமிச்சை அளவில் கட்டி. பருமனானவர்களுக்குத்தான் இது அதிகம்.

அழுத்த வேண்டியது தோல் துளை மேலேயா, அதற்கு மேற்புறமா, கீழ்ப்புறமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஏ.சி.டி. எத்தனைக்கு வந்தால் எடுக்கலாம்? மணல் மூட்டையால் உண்மையில் பலன் உண்டா? இன்னொன்று: கை வழி வருபவர்களுக்கு மணிக்கட்டு பேண்டில் காற்றை எப்போது, எவ்வளவு இறக்குவது? ஒரு ஷிப்டில் ஒரு மாதிரி, அடுத்த ஷிப்டில் வேறு மாதிரி நடக்கிறது.

ஷீத்_புல்லர்

"தோலில் ஒரு சொட்டுகூட இல்லை, உள்ளே கட்டி" என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது சிஸ்டர். அடைபட்டது தோல் துளை. தமனித் துளை உள்ளே திறந்தே இருந்திருக்கிறது.

ஊசி ஏறத்தாழ 45 பாகை சாய்வில், காலிலிருந்து தலை நோக்கிப் போகிறது. அதனால் தோல் துளைக்கு நேர் கீழே தமனித் துளை இருக்காது. 45 பாகையில் எவ்வளவு ஆழமோ அவ்வளவு மேலே தள்ளியிருக்கும். ஒல்லியானவருக்கு 1 அல்லது 2 செ.மீ. கொழுப்பு 4 செ.மீ. தடிமனாக இருந்தால் தமனித் துளையும் தோல் துளையிலிருந்து கிட்டத்தட்ட 4 செ.மீ. மேலே. பருமனானவர்களுக்கு மட்டும் கட்டி வருவது இதனால்தான். ஒல்லியானவருக்குத் தோல் துளை மேல் விரலை வைத்தாலும் தமனித் துளை ஓரளவு அதற்குள் அகப்பட்டுவிடும். பருமனானவருக்கு விரல் வேறு ஊரில் இருக்கும்.

ஆக, அழுத்த வேண்டியது தோல் துளைக்கு மேற்புறம். எத்தனை செ.மீ. என்பதை அளவுகோலால் முடிவு செய்யாதீர்கள். ஷீத்தை எடுக்கும் முன்பே நாடியைத் தொட்டுப் பார்த்து, தோல் துளைக்கு மேலே அது பலமாகத் துடிக்கும் இடத்தில் மூன்று விரல் நுனிகளைத் தமனியின் போக்கிலேயே வரிசையாக வையுங்கள். கீழ் விரல் தோல் துளைக்குச் சற்று மேலே, நடு விரல் தமனித் துளை மேல், மேல் விரல் அதற்கும் மேலே. தொப்பை தொங்கினால் ஒருவர் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பிளாஸ்டரால் இழுத்து ஒட்டிவிட வேண்டும். தொப்பைச் சதையோடு சேர்த்து அழுத்தினால் உங்கள் பலமெல்லாம் கொழுப்புக்கே போய்விடும்.

காஸ் ஒன்றோ இரண்டோ மடிப்பு போதும். தலையணை மாதிரி அடுக்கினால் அழுத்தம் பரவிவிடும், கசிவதும் தெரியாது. கட்டிலைத் தாழ்த்துங்கள். முழங்கை நேராக இருந்து உடம்பின் எடை விரலில் இறங்க வேண்டும். மணிக்கட்டு பலத்தால் அழுத்துகிறவருக்கு ஐந்தாவது நிமிடத்தில் கை நடுங்கும். அவரை அறியாமலே பிடி தளரும். தளர்ந்த அந்த அரை நிமிடம் போதும், கட்டி கிளம்ப.

எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை: ஐ.வி. லைன் ஓடுகிறதா, மானிட்டர் போட்டிருக்கிறதா, அட்ரோபின் (நாடியை ஏற்றும் மருந்து) 0.6 மி.கி. சிரிஞ்சில் ஏற்றித் தயாராக இருக்கிறதா, சலைன் தொங்குகிறதா. சிஸ்டாலிக் 160-க்கு மேல் இருந்தால் முதலில் அதைக் குறையுங்கள். சிறுநீர் கழித்துவிட்டாரா என்று கேளுங்கள். யாரும் கேட்காத கேள்வி இது. மூத்திரப்பை நிறைந்திருந்தால் பிரஷர் ஏறும், வலியோடு சேர்ந்து வேசோவேகலும் (நாடியும் பிரஷரும் திடீரென இறங்குவது) வரும். புராஸ்டேட் உள்ள பெரியவர்கள் படுத்தபடி போக முடியாமல் அடக்கிக்கொண்டே இருப்பார்கள். ஷீத்தைச் சுற்றி லிக்னோகைன் (மரத்துப்போகும் ஊசி) போட்டால் வலி குறையும், வேசோவேகலும் குறையும்.

ஷீத்தின் பக்கக் குழாயில் ரத்தத்தை இழுத்துப் பாருங்கள். உறைவு இருந்தால் சிரிஞ்சோடு வந்துவிடும். ஷீத் வெளியே வரும் கணத்தில் மேலே முழு பலத்தோடு அமுக்கக் கூடாது. அமுக்கிக்கொண்டே இழுத்தால் ஷீத் மேல் ஒட்டிய உறைவு வழித்துக்கொண்டு தமனிக்குள் விழும், கீழே காலுக்குப் போகும். மெல்லப் பிடித்து, ஷீத் முழுவதும் வந்து, ஒரு பீறல் ரத்தம் வெளியேறியதும் அழுத்துங்கள்.

அழுத்தம் 20 நிமிடமும் ஒரே அளவில் இருக்கக் கூடாது. முதல் 2, 3 நிமிடம் பாத நாடி மறையும் அளவுக்கு முழுதாக. அதன்பின், துளையில் கசியாமல் பாத நாடி மெல்லத் தட்டுப்படும் அளவுக்குத் தளர்த்துங்கள். பெரும்பகுதி நேரம் இந்த நிலையில்தான் போக வேண்டும். கடைசி 5 நிமிடம் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து கையை எடுங்கள். துளை மூடுவது தட்டணுக்கள் வந்து ஒட்டுவதால். ரத்தம் ஓடினால்தான் தட்டணு வந்து சேரும். 20 நிமிடமும் முழுதாக அடைத்துவைத்தால் துளையின் வாயில் தட்டணு சேர வழியில்லை, காலுக்கும் ரத்தம் இல்லை, பக்கத்தில் இருக்கும் சிரையும் நசுங்கி அதில் உறைவு கட்டலாம். இன்னொருவர் பாத நாடியில் விரல் வைத்திருந்தால் நல்லது. ஆள் இல்லையென்றால் கால் கட்டைவிரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டி அலையைப் பாருங்கள்.

நேரக் கணக்கு: ஒரு எஃப்-க்கு 3 நிமிடம் என்பது வழக்கம். 6எஃப் என்றால் 18, பேச்சுக்கு 20. இது குறைந்தபட்சம்தான். டைரோஃபிபான், எப்டிஃபிபடைட் (தட்டணுவைத் தடுக்கும் மருந்துகள்) ஓடியவர், பிரஷர் அதிகமுள்ளவர் என்றால் 30 வரை போகலாம். நடுவில் விரலைத் தூக்கி "நின்றுவிட்டதா" என்று எட்டிப் பார்க்காதீர்கள். பார்த்துக் கசிந்தால் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து மறுபடி.

நாடி திடீரென 40-க்குப் போய், வியர்த்து, கொட்டாவி, குமட்டல் வந்தால் அது வேசோவேகல். விரலைத் துளையிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் சற்றுக் குறையுங்கள். காலைத் தூக்கி, சலைனை வேகமாக விட்டு, டாக்டர் உத்தரவுப்படி அட்ரோபின். அரை மி.கி.க்குக் குறைந்த டோஸ் வேண்டாம், நாடி இன்னும் இறங்கலாம்.

அழுத்தும்போதே விரலுக்கடியில் மெத்தென்று உப்பினால் அது ரத்தக்கட்டு கிளம்புகிறது என்று பொருள். விரல்களை இன்னும் மேலே நகர்த்தி நாடியைப் பிடித்து அழுத்துங்கள். உறையும் முன் மற்ற கையால் கட்டியைப் பிசைந்து, தோல் துளை வழியாக வெளியேற்றித் தட்டையாக்கிவிடலாம். ஒரு மணி நேரம் கழித்தால் அது கல். முடித்ததும் கட்டியின் விளிம்பைப் பேனாவால் வரைந்து, நேரத்தை எழுதுங்கள். அடுத்த ஷிப்டுக்கு "கொஞ்சம் கட்டி இருக்கு" என்று சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது.

ஐசியூ_மூத்தவர்

மேலே சொன்னவற்றோடு ஒத்துப்போகிறேன். ஏ.சி.டி., மணல் மூட்டை இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) மட்டும் என்றால் ஏ.சி.டி. 170, 180 வினாடிக்குக் கீழே வந்தபின் எடுப்பது பரவலான வழக்கம். சில இடங்களில் 150 வரை காத்திருப்பார்கள். எந்திரத்துக்கு எந்திரம் எண் மாறும் என்பதால் உங்கள் யூனிட்டின் வரம்பு எதுவோ அதையே எல்லா ஷிப்டும் பிடியுங்கள். ஹெபாரினின் பாதி ஆயுள் 60 முதல் 90 நிமிடம். ஆகவே ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் பின் 4 முதல் 6 மணி நேரம் ஆவது இயல்பு. ஹெபாரின் போடாத வெறும் ஆஞ்சியோ (தமனியைப் படம் மட்டும் எடுப்பது) என்றால் உடனே எடுக்கலாம்.

ஒரு பொதுவான தவறு: ஹெபாரின் சலைன் ஓடும் ஷீத்திலிருந்தே சாம்பிள் எடுப்பது. முதல் 5 முதல் 10 மி.லி.யைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்காவிட்டால் ஏ.சி.டி. 260 என்று காட்டும். நோயாளி வீணாக இன்னும் இரண்டு மணி நேரம் ஷீத்தோடு கிடப்பார். ஷீத் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறதோ அவ்வளவுக்குக் கசிவும் தொற்றும் கூடும். சந்தேகம் வந்தால் மறு கையில் குத்தி எடுத்துப் பாருங்கள்.

எனாக்ஸபாரின் (ஹெபாரினின் இன்னொரு வகை) போட்டவருக்கு ஏ.சி.டி.யை நம்பாதீர்கள். அது எனாக்ஸபாரினைச் சரியாகக் காட்டாது, 140 என்று வந்துவிட்டு உங்களை ஏமாற்றும். கையால் அழுத்துவதாக இருந்தால் கடைசி டோஸிலிருந்து 6 மணி நேரம் கழித்து ஷீத்தை எடுப்பதே முறை. மருந்து தொடர வேண்டியிருந்தால் அடுத்த டோஸ் ஷீத் எடுத்து 6 முதல் 8 மணி நேரத்துக்கு முன் வேண்டாம். பைவாலிருடின் (இதுவும் உறைவைத் தடுக்கும் மருந்து) என்றால், கிட்னி சரியாக இருந்தால், நிறுத்தி 2 மணி நேரம்.

தாலுகா மருத்துவமனையில் டெனெக்டிப்ளேஸ் அல்லது ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டு, 3 முதல் 24 மணி நேரத்துக்குள் கேத் லேபுக்கு அனுப்பும் முறை தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அப்படி வருபவருக்குக் ரத்த உறைவைக் கரைக்கும் மருந்து, ஹெபாரின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் நான்கும் உடம்பில் இருக்கும். ஏ.சி.டி. நன்றாக இருந்தாலும் இவர்களுக்கு இன்னும் கூடுதல் நேரம் அழுத்த வேண்டும். இவர்களைக் கை வழியே செய்வதற்கு ஒரு காரணம் இதுவும்தான்.

இனி மணல் மூட்டை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 கிலோ மூட்டை தொடை இடுக்கில் சுமார் 150 சதுர செ.மீ. பரப்பில் படுத்திருக்கும். ஒரு சதுர செ.மீ.க்கு 20 கிராம். பாதரசக் கணக்கில் ஏறக்குறைய 15 மி.மீ. தமனிக்குள் 120. பதினைந்தைக் கொண்டு நூற்றிருபதை எப்படி அடைப்பது? அந்த 15 சிரையை வேண்டுமானால் நசுக்கும். மணல் மூட்டை வைத்தால் சிக்கல் குறைகிறது என்று ஆய்வுகளிலும் நிரூபணம் ஆகவில்லை. முதுகு வலிதான் கூடுகிறது. தடித்த டைனாபிளாஸ்டும் அப்படியே. கட்டியை அது தடுக்காது, மறைக்கும். உங்கள் நோயாளிகளுக்கு இரண்டு மணி நேரம் கழித்துக் "கட்டி வந்தது" என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் அது முதல் கால் மணியிலேயே வந்திருக்கும், பிளாஸ்டருக்கு அடியில். உள்ளே பார்க்க முடிகிற ஒளிபுகும் டிரெஸ்ஸிங் போடுங்கள், போதும்.

ஷீத்_புல்லர்

மணல் மூட்டைக்கு ஒரே ஒரு வக்காலத்து: தூக்கக் கலக்கத்தில் காலை மடக்கப் போகிறவருக்கு அந்த எடை ஒரு நினைவூட்டல்.

ஐசியூ_மூத்தவர்

அதற்கு முழங்காலுக்கு மேலே ஒரு போர்வையைச் சுருட்டிக் கட்டிலோடு தளர்வாகச் சொருகிவிடலாம். துளை மேல் எதற்கு மூட்டை?

மணிக்கட்டு_பக்கம்

ரேடியல் (மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கத் தமனி) பேண்ட் பத்தி யாரும் சொல்லலையே, நான் சொல்றேன். காற்று ஊதி இறுக்கற டி.ஆர். பேண்ட் மாதிரி பேண்டுக்கு இது.

முதல்ல பேண்ட் போடும்போதே பாதி விஷயம் முடிஞ்சுடும். ஷீத்தை 2, 3 செ.மீ. வெளியே இழுத்து வெச்சுக்கிட்டு, பேண்ட்ல இருக்கற பச்சைப் புள்ளி துளைக்கு நேரா, ஒரு நூல் மேல் பக்கமா வர்ற மாதிரி வெல்க்ரோவை ஒட்டணும். இங்கே தோல் துளைக்கும் தமனித் துளைக்கும் தூரம் ரொம்பக் கம்மி, தொடை மாதிரி இல்ல. வெல்க்ரோ தளர்வா இருந்தா 18 மி.லி. ஊதினாலும் பலூன் வெளிப்பக்கமா உப்பும், தமனியை அழுத்தாது. 18 தான் அதிகபட்சம், அதுக்கு மேல ஊதாதீங்க.

15 மி.லி. ஊதி, ஷீத்தை எடுத்துட்டு, சிரிஞ்சை மாட்டினபடியே மெதுவா காற்றை இறக்குங்க. துளையில ஒரு சொட்டு எட்டிப் பாக்கும். அங்கே நிறுத்தி 1 இல்லன்னா 2 மி.லி. திரும்ப ஏத்துங்க. ரத்தம் நிக்கத் தேவையான மிகக் குறைஞ்ச காற்று அதுதான். சிலருக்கு 9 மி.லி.யே போதும். எல்லாருக்கும் 15ன்னு வெச்சுட்டுப் போறது சோம்பேறித்தனம்.

இப்ப முக்கியமான சோதனை. ஆக்ஸிமீட்டரை அதே கையோட கட்டைவிரல்ல மாட்டிட்டு, சுண்டுவிரல் பக்கம் இருக்கற அல்னார் தமனியை உங்க விரலால அமுக்குங்க. அலை வந்தா ரேடியல்ல ரத்தம் ஓடுது, சரி. அலை தட்டையாப் போனா பேண்ட் ரேடியலை முழுசா அடைச்சிருக்கு, இன்னும் காற்றை இறக்கணும். அல்னாரை அமுக்காம "98 காட்டுது சிஸ்டர்"னு சொன்னா அது பிரயோஜனமே இல்ல. அந்த 98 அல்னார் வழியா வர்றது. இந்தச் சோதனையை 15, 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பச் செய்யணும்.

ஏன் இவ்வளவு கவலைன்னா, முழுசா அடைச்சு வெச்சா ரேடியல் நிரந்தரமா அடைச்சுக்கும். அல்னார் இருக்கறதால நோயாளிக்கு ஒண்ணுமே தெரியாது, அதனாலதான் நாமும் கண்டுக்கறதில்ல. அடுத்த முறை அந்தக் கை வழியா போக முடியாது, பைபாஸுக்கு அந்தத் தமனி ஆகாது. 2008-ல வந்த புராஃபெட் ஆய்வுல, ஓட்டம் நிக்காம அழுத்தினவங்கள்ல ஒரு நாள் கழிச்சு 5 சதவீதம் பேருக்கு அடைப்பு, பழைய முறையில அழுத்தினவங்கள்ல 12 சதவீதம். பேண்டும் ஆளும் கூடுதலா வேணாம், வெறும் சோதனைதான் வித்தியாசம்.

காற்றை இறக்கறது: வெறும் ஆஞ்சியோன்னா 1 மணி நேரம், ஆஞ்சியோபிளாஸ்டின்னா 2 மணி நேரம் கழிச்சு ஆரம்பிங்க. 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை 3 மி.லி. நடுவுல கசிஞ்சா, கடைசியா எடுத்த காற்றைத் திரும்ப ஏத்தி, அரை மணி நேரம் விட்டுட்டு மறுபடி தொடங்குங்க. பேண்ட் கழட்டினதும் சின்ன டிரெஸ்ஸிங். மணிக்கட்டைச் சுத்தி டைனாபிளாஸ்ட் ஒரு முழுச் சுற்று வேண்டவே வேண்டாம், அது அல்னாரையும் சேர்த்து இறுக்கும்.

சிரிஞ்ச் பத்தி. அந்த பேண்டோட வால்வுல அதுக்குன்னு வர்ற சிரிஞ்ச்தான் மாட்டும், வார்டுல இருக்கற சாதாரண சிரிஞ்ச் மாட்டாது. லேப்ல தூக்கிப் போட்டுட்டா ராத்திரி கசியும்போது காற்று ஏத்தவும் முடியாது இறக்கவும் முடியாது. கேஸ் ஷீட்டோட சேர்த்து பிளாஸ்டர் போட்டு ஒட்டி அனுப்பச் சொல்லுங்க.

கடைசியா, துளை காய்ஞ்சிருக்கு ஆனா முன்கை வீங்குதுன்னா பேண்டை இறுக்காதீங்க. மேலே வயர் போகும்போது ஏதாவது கிளைத் தமனி கிழிஞ்சிருக்கும், பேண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. வீங்கற இடத்துல பிரஷர் கஃப் சுத்தி, சிஸ்டாலிக்குக் கீழ 20 மி.மீ. வரை ஏத்தி 15 நிமிஷம், விரல்ல ஆக்ஸிமீட்டர் மாட்டி வெச்சு, டாக்டரைக் கூப்பிடுங்க. முன்கை பலகை மாதிரி இறுகி, விரலை நீட்டி விட்டாலே உயிர் போற வலி, மரமரப்புன்னா அது கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் (தசைக்குள்ள அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடறது). நாடி இருக்கேன்னு உக்காந்திருக்காதீங்க. நாடி போறது கடைசியில. சர்ஜன் உடனே பாக்கணும்.

லேப்_டெக்

தமனியை மூடும் கருவிகள் பற்றியும் சேர்த்துவிடுகிறேன். லேபிலிருந்து "க்ளோஷர் போட்டாச்சு" என்று அனுப்பினால் வார்டில் எதைப் பார்க்க வேண்டும் என்பது கருவியைப் பொறுத்தது.

ஆஞ்சியோ-சீல்: தமனிக்குள் ஒரு சின்ன நங்கூரம், வெளியே கொலாஜன் பஞ்சு, இரண்டையும் இழுத்துப் பிடிக்கும் நூல். மூன்றும் 90 நாளுக்குள் கரையும். அதற்குள் அதே இடத்தில் மறுபடி குத்துவதைத் தவிர்க்க வேண்டும். குத்தியே ஆக வேண்டுமென்றால் பழைய இடத்துக்கு 1 செ.மீ. மேலே. அதனால் நோயாளியிடம் தரும் அட்டையை அவர் பர்ஸிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். இதில் வார்டு பயப்பட வேண்டியது ரத்தக்கசிவுக்கு மட்டுமல்ல. நங்கூரமோ கொலாஜனோ தமனிக்குள் போய் அடைத்தால் கால் குளிர்ந்து, வெளுத்து, வலிக்கும். துளை இடம் அழகாக இருக்கும், பாதம் செத்துக்கொண்டிருக்கும். பாத நாடியைப் பாருங்கள்.

ப்ரோக்ளைட்: பாலிப்ரொப்பிலீன் நூலால் தையல், கரையாது. வயர் மேல் உள்ளே போய், அடையாளக் குழாயில் ரத்தம் துடித்து வந்ததும் நெம்புகோலைத் தூக்கினால் தமனிக்குள் கருவியின் பாதம் விரியும். மெல்ல இழுத்துத் தமனிச் சுவரோடு ஒட்டவைத்து, பிஸ்டனை அமுக்கினால் ஊசிகள் நூலைப் பிடித்துக்கொள்ளும். நீல முனை நூல் முடிச்சை இறக்கும், வெள்ளை முனை நூல் பூட்டும். ரத்தம் நின்றது உறுதியாகி வயரை எடுக்கும் வரை வெள்ளையை இழுக்கக் கூடாது. வயர் உள்ளே இருக்கும்வரை தவறினாலும் இன்னொரு கருவி போடலாம் என்பதே இதன் பெரிய சௌகரியம். டாவி (குழாய் வழியே இதய வால்வு மாற்றுவது) மாதிரி பெரிய ஷீத்துகளுக்கு, பெரிய ஷீத் போகும் முன்பே இரண்டு ப்ரோக்ளைட்டை 10 மணி, 2 மணி திசைகளில் போட்டு நூலை முடியாமல் வைத்து, கடைசியில் இறுக்குவார்கள்.

எது போட்டாலும் முன்னால் ஷீத் வழியே, அதே பக்கம் சாய்த்து 30 பாகையில் ஒரு படம் எடுத்துப் பார்ப்பது கட்டாயம். துளை பொதுத் தொடைத் தமனியில் இருக்க வேண்டும். கீழே அது இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கக் கூடாது. தமனி அகலம் ஆஞ்சியோ-சீலுக்கு 4 மி.மீ., ப்ரோக்ளைட்டுக்கு 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. முன் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால் ஊசி ஏறாது, நங்கூரம் உட்காராது. இப்படிப்பட்டவருக்குக் கையால் அழுத்துவதே மேல்.

கருவி போட்டால் சிக்கல் ஒழிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2014-இல் வந்த இஸார்-க்ளோஷர் ஆய்வில் 4,524 பேர். தமனிச் சிக்கல் கருவி போட்டவர்களில் 6.9 சதவீதம், கையால் அழுத்தியவர்களில் 7.9 சதவீதம். வித்தியாசம் பெரிதில்லை. ரத்தம் நிற்கும் நேரத்தில்தான் லாபம்: 1 நிமிடம், மற்றதில் 10 நிமிடம். தொற்று வருவது அரிது, ஆனால் வந்தால் மோசம், தமனியையே அரித்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு ஒரு வாரம் கழித்து அந்த இடத்தில் வலி, காய்ச்சல் என்றால் "சின்னக் கொப்புளம்" என்று அனுப்பிவிடாதீர்கள்.

சிரை வழி பற்றி ஒரு வரி. ஏ.எஃப். அப்லேஷனுக்கு (சீரற்ற இதயத்துடிப்புக்கான சிகிச்சை) போடும் பெரிய சிரை ஷீத்துகளுக்கு எட்டு வடிவத் தையல் போட்டு அனுப்புவோம். தோலையும் அடிச்சதையையும் சுருக்கி சிரையை மெல்ல அழுத்தும், அவ்வளவே. எத்தனை மணிக்கு வெட்ட வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள். மறந்துபோய் விட்டால் தோல் வெந்ததுபோல் ஆகும். தமனி, சிரை இரண்டிலும் ஷீத் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் உருவாதீர்கள். இரண்டு துளையும் ஒட்டிக்கொண்டு ஃபிஸ்டுலா (தமனிக்கும் சிரைக்கும் நேரடி இணைப்பு) ஆக வழி அது.

இரவுப்பணி_சிஸ்டர்

எல்லோருக்கும் நன்றி. தோல் துளைக்கும் தமனித் துளைக்கும் உள்ள தூரம் இவ்வளவு முக்கியம் என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஒன்று மட்டும்: தொடையில் கட்டியே இல்லாமல் பிரஷர் இறங்குகிறவர்களை என்ன செய்வது? எப்போது டூட்டி டாக்டரை எழுப்ப வேண்டும்? வீட்டுக்குப் போகும்போது என்ன சொல்லி அனுப்ப வேண்டும்?

ஷீத்_புல்லர்

தொடை மெத்தென்று இருக்கிறது, பிரஷர் 90-க்கு வருகிறது, விலாவிலோ இடுப்பு முதுகிலோ அடிவயிற்றிலோ வலி என்றால் யோசிக்கவே வேண்டாம், எழுப்புங்கள். துளை இன்குவினல் லிகமென்ட்டுக்கு (தொடை இடுக்கில் குறுக்கே ஓடும் நார்) மேலே விழுந்திருந்தால் அங்கே பின்னால் எலும்பு கிடையாது. நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் விரலுக்குத் தாங்கல் இல்லை. ரத்தம் வயிற்றுக்குப் பின்புறம் லிட்டர் கணக்கில் போகும், வெளியே ஒன்றும் தெரியாது. பீட்டா பிளாக்கர் (நாடியை மட்டுப்படுத்தும் மருந்து) சாப்பிடுபவருக்கு நாடி ஏறாமலே பிரஷர் மட்டும் இறங்கும் என்பதால் "நாடி 70 தானே" என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். வேசோவேகல் என்றால் அட்ரோபினும் சலைனும் போட்டதும் நிமிர்ந்துவிடும். நிமிர்ந்து மறுபடி விழுந்தால் அது ரத்தக்கசிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபினும் ரத்த குரூப்பிங்கும் அனுப்பி, சி.டி.க்கு ஏற்பாடு. முதல் ஹீமோகுளோபின் சரியாக வந்தாலும் நம்ப வேண்டாம், இறங்க நேரமாகும்.

துளை ரொம்பக் கீழே விழுந்தாலும் எலும்புத் தாங்கல் இல்லை. அங்கே வருவது சூடோ அனியூரிசம் (துளை மூடாமல் தமனியோடு தொடர்பில் இருக்கும் ரத்தப் பை): துடிக்கும் கட்டி, ஸ்டெத் வைத்தால் இரைச்சல். டாப்ளரில் (ரத்த ஓட்டம் காட்டும் ஸ்கேன்) உறுதி செய்ய வேண்டும். 2 செ.மீ.க்குக் குறைந்தது பல சமயம் தானே அடையும். பெரிதென்றால் அல்ட்ராசவுண்ட் பார்த்து த்ராம்பின் (ரத்தத்தை உறையவைக்கும் மருந்து) ஊசி. அதைப் பார்க்காமல் பிசைய வேண்டாம்.

கவனிப்பு நேரம்: முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, அடுத்த ஒரு மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை, பிறகு மணிக்கு ஒரு முறை. துளை இடம், பாத நாடி, பிரஷர், நாடி நான்கும். 6எஃப் கையால் அழுத்தியவருக்கு 4 முதல் 6 மணி நேரம் கால் நேராக, தலைமாடு 30 பாகைக்கு மேல் வேண்டாம். தலையைத் தூக்கிப் போனைப் பார்ப்பதும் வயிற்றுத் தசையை இறுக்கும். இருமல், தும்மல் வந்தால் துளை மேல் கையை வைத்து அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது நம் ஊர்க்காரர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது: ஒரு வாரம் குந்தி உட்காரும் கக்கூஸ் வேண்டாம், தரையில் சம்மணம் வேண்டாம், வண்டியைக் கிக்கர் உதைக்க வேண்டாம், குடம் தூக்க வேண்டாம். மலச்சிக்கல் இருந்தால் மருந்து எழுதி வாங்கிக் கொடுத்தனுப்புங்கள், முக்கினால் போச்சு. ரத்தம் வந்தால் உட்காராமல், நடக்காமல், அந்த இடத்திலேயே மல்லாந்து படுத்து, வீட்டில் ஒருவர் துளைக்கு மேற்புறம் மூன்று விரலால் அழுத்தி, இன்னொருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். எந்த இடம் என்று துணைக்கு வந்தவர் கையைப் பிடித்து, நாடியின் மேல் வைத்துக் காட்டிவிடுங்கள்.